கருவை விறகில் மின்சாரம்: பத்தாண்டு ஒப்பந்தத்துக்கு எங்கள் ஊர் சம்மதிக்கலாமா?

கேள்வி – கடலாடிக் கரையோரம்

அனைவருக்கும் வணக்கம். சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஊரில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் மானாவாரியில் மிளகாயும் சோளமும் போடுகிறவர்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் விதைக்காமல் விட்ட நிலமெல்லாம் சீமைக்கருவை மண்டிவிட்டதால், எது பட்டா, எது புறம்போக்கு என்று வரப்பைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலை இன்று இருக்கிறது.

பத்து மெகாவாட் விறகு மின் நிலையம் அமைக்கவிருப்பதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்தார் சென்ற மாதம் ஊருக்கு வந்தார்கள். பட்டாதாரர்கள் பத்தாண்டுகளுக்குக் கருவை வெட்டும் உரிமையை எழுதிக்கொடுக்க வேண்டும் என்றும், கண்மாயில் உள்ள கருவையையும் தங்களுக்கே விடுமாறு கிராம சபை தீர்மானம் போட வேண்டும் என்றும் கேட்கிறார்கள். வேரோடு பிடுங்க மாட்டார்கள். தரையோடு வெட்டி எடுத்துவிட்டு, தூரிலிருந்து போத்து வெடித்து வளர்ந்ததும் மூன்றாம் ஆண்டில் மறுபடி வெட்டுவார்கள். 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இதைத்தான் ஊக்குவிக்கிறது என்றும், இது சூழலைக் கெடுக்காத மின்சாரம் என்றும் விளக்கினார்கள்.

இத்தனை ஆண்டுகளாகக் கருவையை ஒழிக்க வேண்டும் என்று மனு கொடுத்துவந்த ஊர், அதைப் பத்தாண்டு வளர்த்துத் தருகிறோம் என்று கையெழுத்திடுவது சரிதானா என்பதே என் முதல் கேள்வி. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் முப்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களுக்கு என்ன வழி என்பது இரண்டாவது. மின் நிலையம் வேண்டாம், காட்டாமணக்கும் புன்னையும் நட்டுப் படகுகளுக்கு எண்ணெய் எடுக்கலாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்வதும் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று அறிய விரும்புகிறேன். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன் ஊரார் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

மறுமொழி – கொதிகலன்

ஐயா, விறகு மின் நிலையங்களில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம். 2018 கொள்கை பெரும்பாலும் வாகன எரிபொருளைப் பற்றியது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது, டீசலில் உயிரி டீசல் கலப்பது, கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது ஆகியவையே அதன் மையம். விறகை எரித்து மின்சாரம் எடுப்பதற்கான விதிகள் வேறு. ஆகவே அந்தக் கொள்கையின் பெயரைச் சொல்லி உங்கள் தீர்மானத்தைக் கேட்பது பொருந்தாது.

இனி விறகுக் கணக்கைப் பார்ப்போம். பத்து மெகாவாட் நிலையம் தன் திறனில் 80 விழுக்காட்டில் ஓடினால் நாளொன்றுக்கு 1.92 லட்சம் யூனிட் வரும். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 1.3 கிலோ விறகு என்றால் நாளுக்கு 250 டன், அதாவது பத்து டன் ஏற்றிய லாரிகள் இருபத்தைந்து. ஆண்டில் 330 நாள் ஓட்டுவதற்கு 82,500 டன் தேவைப்படும். ஏக்கருக்கு 15 டன் கிடைக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 5,500 ஏக்கரும், மூன்றாண்டுச் சுழற்சிக்கு 16,500 ஏக்கரும் வேண்டும். உங்கள் ஊர் நிலம் இதில் ஒரு சிறு பகுதிதான். சுற்றுவட்டாரம் முழுவதும் கருவைக் காடாகவே நீடித்தால்தான் அந்தக் கொதிகலன் பத்தாண்டு எரியும் என்பதை ஊரார் முன் திறந்து வைத்துப் பேசுங்கள்.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றி அவர்கள் வாய் திறந்தார்களா? நீராவியைக் குளிர்விக்கத் தண்ணீரைப் பயன்படுத்தும் நிலையம் யூனிட்டுக்கு மூன்றரை லிட்டர் எடுத்தாலும் நாளுக்கு ஆறரை லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. குடிக்கவே காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்திருக்கும் கரையில் இந்த நீர் எங்கிருந்து வரும்? நிலத்தடி நீரை உறிஞ்சினால் கடல் நீர் உள்ளே ஏறும். காற்றால் குளிர்விக்கும் அமைப்பு உண்டு. செலவு கூடும், உற்பத்தியும் சற்றுக் குறையும். அதை நிறுவுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் சொந்தக் கருத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த அளவு நிலையங்களில் விறகின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி குளிர்விப்பிலும் புகைபோக்கியிலும் போய்விடுகிறது. கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா இயங்கும் மாவட்டம் இது. இங்கே பகல் மின்சாரத்துக்கு விறகை எரிப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அதே விறகைக் கருப்பட்டி காய்ச்சவும், மழைக்காலத்தில் கருவாடும் மிளகாயும் உலர்த்தவும், நன்றாகக் காற்று இழுக்கும் உலைகளில் வெப்பமாகவே பயன்படுத்தினால் பாதிக்கு மேல் வேலைக்கு உதவும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் ஈர விறகை வைத்துக்கொண்டு கொதிகலனை ஓட்ட நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், பத்தாண்டுக்கும் ஒரே விலை என்ற ஒப்பந்தத்தை எந்த நிறுவனமும் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் எனக்கு வரவில்லை. விறகு விலை ஏறியதும் நின்றுபோன நிலையங்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி – மூட்டக்காரர் மகள்

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் அப்பா மூட்டம் போட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். விறகை அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, ஈர மண் பூசித் தீ வைத்தபின் ஒரு வாரத்துக்கு மேல் இரவு பகலாகக் காவல் இருக்க வேண்டும். எங்காவது மண் விரிந்து காற்றுப் புகுந்துவிட்டால் கரி முழுவதும் சாம்பலாகிவிடும். அந்தப் புகையில் நின்றே என் தாய்க்கு இளைப்பு வந்தது. ஆகவே மூட்டத்தை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை.

ஆயினும், இந்த மாவட்டத்தில் உயிரி எரிபொருள் என்பது புதிதாக யாரும் கொண்டுவரப் போகும் பொருளன்று. விறகுக் கரியும் தூர்க்கரியுமாக லாரி லாரியாக வெளியூர்களுக்கு எரிபொருள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதை வெட்டிச் சுட்டு அனுப்புகிறவர்களின் பெயர் எந்தக் கொள்கையிலும் இல்லை. பெரிய நிலையம் வந்தால் வெட்டுக்கூலி வேலை கிடைக்கும் என்பார்கள். இன்று மூட்டக்காரர் தன் சரக்குக்குத் தானே விலை பேசுகிறார். நாளை அவர் இன்னொருவரின் எடைமேடை முன் வரிசையில் நிற்பார். எங்கள் பக்கத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் ஈரம் அதிகம் என்று சொல்லி டன்னுக்கு நூற்றைம்பது கிலோ கழித்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. எடை, ஈரக் கழிவு, பணம் தரும் நாள் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்திட வேண்டாம், அண்ணா.

இன்னொன்றையும் யோசியுங்கள். தூரைத் தோண்டி எடுத்துக் கரியாக்குகிறவர் நிலத்தை உழவுக்குத் திருப்பித் தருகிறார். நிறுவனம் தூரை விட்டுவைக்கிறது. எது உங்களுக்கு வேண்டும் என்பதை நிலத்துக்காரரே சொல்லட்டும்.

மறுமொழி – தேவிபட்டினத்தான்

கிழக்கு ஆப்பிரிக்காவில் சில ஆண்டுகள் வேளாண் பணியில் இருந்தேன். அங்கே பார்த்ததும் படித்ததும் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துகின்றன.

கென்யாவின் பாரிங்கோ பகுதியில் 1980களின் தொடக்கத்தில் விறகுக்காகவும் மண்காப்புக்காகவும் இதே சீமைக்கருவையை நட்டார்கள். அது மேய்ச்சல் நிலத்தை மூடியது. இனிப்பான நெற்றைத் தின்று ஆடுகளுக்குப் பல் கெட்டது. 2006இல் மக்கள் அரசின்மேல் வழக்குத் தொடுத்தபோது பல்லிழந்த ஓர் ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். எத்தியோப்பியாவின் அஃபார் வட்டாரத்தில் வேறொரு வழியை முயன்றார்கள். கூட்டுறவுச் சங்கங்கள் கருவையை மட்டும் வெட்டிக் கரியாக்கி விற்று, அந்த நிலத்தை மேய்ச்சலுக்கும் பயிருக்கும் மீட்க வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் கரிக்கு விலை கிடைத்ததும் நாட்டு வேல மரங்களும் சேர்ந்து வெட்டுப்பட்டதால், அரசு கரி உற்பத்தியையே தடை செய்ய நேர்ந்தது.

இந்த இரண்டிலிருந்தும் நான் கற்றுக்கொண்டது ஒன்று. களைக்கு நிலையான சந்தை ஏற்பட்டால் களை பயிராகிவிடுகிறது. ஒழிப்பதில் எவருக்கும் அக்கறை இருப்பதில்லை. சந்தையைப் பயன்படுத்தி ஒழிக்க வேண்டுமானால், வெட்டிய ஒவ்வொரு ஏக்கரும் அடுத்த பருவத்தில் என்ன ஆகும் என்பது வெட்டுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தமிழக அரசு 2022இல் வெளியிட்ட அயல் தாவரக் கொள்கையும் அகற்றுவதோடு வாழிட மீட்பையும் சேர்த்தே பேசுகிறது.

உங்கள் கண்மாயைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: அதை ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும், சிறியது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். பத்தாண்டு உரிமையைத் தீர்மானம் போட்டுத் தருவது கிராம சபையின் கையில் இல்லை. மேலும், கண்மாய்க்குள் நாட்டுக்கருவேலம் நின்றால் வெட்டுகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் உங்களுக்குத் தொலைவில் இல்லை. அங்கே பறவைகள் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான்.

காட்டாமணக்கைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் அந்த ஆசை ஒவ்வொரு பத்தாண்டிலும் புதிதாக முளைக்கிறது. 2003இல் மத்தியத் திட்டக் குழுவின் அறிக்கை, தரிசு நிலங்களில் காட்டாமணக்கு நட்டு டீசலில் 20 விழுக்காடு கலக்கலாம் என்று சொன்னது. 2009 கொள்கை அதே 20 விழுக்காட்டை 2017க்குள் எட்டுவதாக அறிவித்தது. உயிரி டீசல் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. நீர் இல்லாமல் செடி உயிரோடு நிற்கும், காய்க்காது என்பதைத் தமிழ்நாட்டு விவசாயிகள் தங்கள் பணத்தைப் போட்டுத் தெரிந்துகொண்டார்கள். காய்கள் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை, பறிகூலி தாங்காது, விதை நஞ்சு என்பதால் பிண்ணாக்கு மாட்டுக்கும் ஆகாது. மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் இதே கதை நடந்தது. அரசுக் கணக்கில் தரிசு என்று எழுதிய நிலம் ஆட்டுக்காரருக்கு மேய்ச்சல் நிலம், விறகு பொறுக்குகிற பெண்ணுக்கு அடுப்பு என்பதை எந்த நாட்டுக் கொள்கையும் முதலில் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுமொழி – பாம்பன் துறை

படகு எண்ணெயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புன்னைப் பருப்பில் எண்ணெய் நிறைய உண்டு. ஆனால் அதில் அமிலம் அதிகம் என்பதால் இரண்டு கட்டமாகச் சுத்திகரித்துத்தான் டீசலாக்க முடியும். நட்ட மரம் காய்க்கவும் பல ஆண்டு பொறுக்க வேண்டும். உடனடியாகக் கைக்கு எட்டுவது ராமேசுவரத்து உணவகங்களில் மிஞ்சும் பழைய சமையல் எண்ணெய்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் எண்ணெயில் சேரும் கேடான பொருள்கள் (மொத்த முனைவுச் சேர்மங்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அதைச் சேகரித்து உயிரி டீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது.

கடலில் ஒரு சிக்கல் உண்டு. உயிரி டீசல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகின் தொட்டியில் அது கிடந்தால் பாசி போல் வழவழப்பு படிந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழைய தொட்டிக்குள் ஒட்டியிருக்கும் கசடையும் அது கரைத்துக் கொண்டுவரும். ரப்பர்க் குழாய்களையும் மாற்ற வேண்டும். மேலும், 2023இல் வரிவிலக்கு டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 ஆகவும், நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 ஆகவும் உயர்த்தப்பட்டது. அந்த விலையோடு எந்தப் புது எண்ணெயும் போட்டியிட முடியாது. கரையில் ஓடும் ஜெனரேட்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் முதலில் பயன்படுத்திப் பார்க்கலாம், கடலுக்கு அவசரப்பட வேண்டாம்.

கேட்டவரின் பதில் – கடலாடிக் கரையோரம்

அனைவருக்கும் நன்றி. நேற்று நிறுவனத்தார் மறுபடி வந்தபோது உங்கள் கேள்விகளை ஊரார் முன்னிலையில் கேட்டோம். காற்றால் குளிர்விக்கும் அமைப்பைப் பற்றி மேலிடத்தில் கேட்டு எழுதுவதாகச் சொன்னார்கள். எடைச்சீட்டும் பதினைந்து நாளில் பணமும் தருவதற்குச் சம்மதித்தார்கள். ஆண்டுதோறும் வெட்டும் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தூரோடு பிடுங்கி உழவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்றபோது, அப்படிச் செய்தால் நான்காம் ஆண்டு தங்களுக்கு விறகு இருக்காது என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலுக்குப் பின் கூட்டத்தில் பேச்சு மாறியது.

கண்மாயைத் தீர்மானத்திலிருந்து எடுத்துவிட்டோம். மூட்டம் போடும் குடும்பங்கள் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, தூர் எடுக்கும் வேலையைப் பட்டா நிலங்களில் ஏக்கர் கணக்கில் பேசி எடுக்க முன்வந்திருக்கிறார்கள். எடுத்த நிலத்தில் அந்த ஐப்பசியிலேயே விதைப்பது நிலத்துக்காரர் பொறுப்பு. பட்டாதாரர்களில் ஏழு பேர், வெளியூரில் இருப்பதால் தங்களால் உழ முடியாது என்றும், நிறுவனத்துக்கே கொடுக்கப் போவதாகவும் சொல்கிறார்கள். அவர்களிடம் பத்தாண்டுக்குப் பதில் மூன்றாண்டு என்று எழுதும்படி மட்டும் கேட்டிருக்கிறோம். மூட்டக்காரர் மகளிடம் ஓர் உதவி வேண்டும்: தங்கள் பக்கத்தில் தூர் எடுக்க ஏக்கருக்கு என்ன கூலி, கரியில் நிலத்துக்காரருக்கு என்ன பங்கு என்பதை அக்டோபர் 2க்குள் எழுதினால் அதை வைத்துப் பேசுவோம்.