தோள்மூட்டு திரும்பத் திரும்ப விலகுது: தசையைப் பலப்படுத்தினால் காணுமோ?

பந்தடிகாரன்
ஓவர்கேம் (கரப்பந்தாட்டத்தில ஒரு வகை) அடிக்கிற 21 வயதுத் தம்பி ஒராளுக்கு வலது தோள்மூட்டு முன்பக்கமா மூண்டு தரம் விலகிற்றுது. பயிற்சி செய்தால் காணும் எண்டு சிலர், ஒப்பரேசன்தான் எண்டு சிலர். தசை அங்க உண்மையில என்ன வேலை செய்யுது? ஒப்பரேசனில எதைத் தைக்கிறவை?

பிசியோ_கோண்டாவில்
அண்ணை, தோள்குழி ஆழமில்லாதது. மேற்கை எலும்பின்ர உருண்டைத் தலையில காற்பங்கு, கூடினால் மூண்டில ஒரு பங்குதான் எந்த நேரமும் குழியோட முட்டும். டெல்ற்றோயிட், அதாவது தோளை மேலால மூடியிருக்கிற தசை, கையைத் தூக்கேக்கை அந்தத் தலையையும் மேல இழுக்கும். அதைக் குழிக்குள்ள அமத்தி வைச்சிருக்கிறது ரொட்டேற்றர் கவ் எண்ட நாலு தசை: மேல சுப்பிராஸ்பைனேற்றஸ், பின்னால இன்ஃபிராஸ்பைனேற்றசும் ரெறெஸ் மைனரும், முன்னால சப்ஸ்கப்புலாரிஸ்.

ஆனால் ஸ்மாஷுக்குக் கையைப் பின்னால வளைக்கிற கடைசிக் கோணத்தில பாரம் முன்பக்க இணைநாரிலயும், குழி விளிம்பைச் சுத்தியிருக்கிற லேப்ரம் எண்ட வளையத்திலயும்தான் கூட விழும். அது எலும்பில இருந்து கழண்டிருந்தால் பயிற்சியால வடிவா ஒட்டாது.

பயிற்சி வீண் எண்டில்லை. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில சுருட்டின துவாய் வைச்சு, 90 பாகை மடிச்ச கையை றப்பர் பட்டிக்கு எதிரா வெளியால திருப்ப வேணும். 15 தரம், மூண்டு சுற்று. துவாய் விழுந்தால் டெல்ற்றோயிட்டால இழுக்கிறார், பட்டியை இளக்குங்கோ. சுவரில கை ஊண்டி, முழங்கை மடிக்காமல் தோள்பட்டை எலும்பை முன்தள்ளுறதையும் விடக்கூடாது. குழி இருக்கிறதே அந்த எலும்பிலதான்.

எலும்புமூட்டு
இந்த வயது, மூண்டு விலகல், தலைக்கு மேல கை போற விளையாட்டு: பயிற்சியை மட்டும் நம்பேலாது. எம்ஆர்ஐயோட சிடி ஸ்கானும் எடுத்து, குழி எலும்பு எவ்வளவு தேஞ்சிருக்கெண்டு அளக்க வேணும். தேய்வு குறைவெண்டால் சின்னத் துளைகளால போய், எலும்பில அங்கர் (நூல் கோத்த சின்ன ஆணி) இறக்கி, லேப்ரத்தை விளிம்புக்கு இழுத்துத் தைக்கலாம், அதுதான் பாங்கார்ட்.

20 வீதத்துக்கு மேல தேஞ்சிருந்தால் அந்தத் தையல் தாங்கிறது கஷ்டம். அப்ப லற்றார்ஜே எண்ட ஒப்பரேசன். தோள்பட்டை எலும்பில முன்னுக்கு நீட்டியிருக்கிற கொரக்கொயிட் எலும்புத் துண்டை, அதில பிடிச்சிருக்கிற ரெண்டு தசைகளின்ர சிரையோட (தசையை எலும்போட பிடிக்கிற நார்) எடுத்து, சப்ஸ்கப்புலாரிஸை நாரோட்டத்தில பிளந்து, குழியின்ர முன்விளிம்பில ரெண்டு திருகாணியால இறுக்கிறது. கை உயர்ந்து வெளியால திரும்பேக்கை அந்தச் சிரை மேற்கை எலும்புத் தலைக்கு முன்னால வார் மாதிரி இறுகும். சிகரெட் பிடிச்சால் அந்த எலும்பு பொருந்தாமல் போகலாம், தம்பிக்கு அதைக் கட்டாயம் சொல்லுங்கோ.

மேற்கை எலும்புத் தலையின்ர பின்பக்கம் பள்ளம் விழுந்து விளிம்பில கொளுவினால், இன்ஃபிராஸ்பைனேற்றஸ் சிரையை அந்தப் பள்ளத்துக்குள்ள தைச்சு நிரப்பலாம். வெளித்திருப்பம் கொஞ்சம் குறையும், பந்தடிக்கிறவருக்கு அது சின்ன விசயமில்லை.

பந்தடிகாரன்
நன்றி டொக்டர். பிறகு எப்ப விளையாடலாம்?

பிசியோ_கோண்டாவில்
ஒப்பரேசனுக்குப் பிறகு கையைக் கழுத்தில தொங்கவிடுற ஸ்லிங் பொதுவா 4 கிழமை. விரல், மணிக்கட்டு, முழங்கையை முதலிலயே அசைக்கலாம். சட்டை போடேக்கை வருத்தக் கையை முதல் நுழைக்க வேணும். கெடுறது எங்கயெண்டால், நோ குறைஞ்ச உடனே கையை வெளியால திருப்பி இழுக்கிறது, கிணத்தில வாளி இழுக்கிறது. அங்கர் தையல் பிஞ்சிடும். ஸ்மாஷ் ஆறு மாதத்துக்கு முதல் வேண்டாம். அதுக்கு முதல் உள்ளங்கையை வயித்தில அமத்தச் சொல்லிப் பாருங்கோ. முழங்கை பின்னால விழுந்தால் சப்ஸ்கப்புலாரிஸ் இன்னும் தேறேல்லை.