குளோசபின் மாத்திரை: தம்பிக்கு இரவெல்லாம் எச்சில் வழிகிறது

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் தம்பிக்குக் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. ஆனால் தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை நனைகிறது. வெட்கப்பட்டு மாத்திரையே வேண்டாம் என்கிறான். என்ன செய்யலாம்?

பதில் (முத்தியால்பேட்டை):
நிறுத்த மட்டும் விடாதீர்கள் அக்கா. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி சின்ன அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் மகனுக்கும் இதே தொல்லை. தலையணையை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்க வைக்கிறேன், மேலே துண்டு விரித்து. பகலில் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் எச்சிலை விழுங்கிவிடுவான். அப்புறம், சில டாக்டர்கள் எச்சில் குறைய அட்ரோபின் கண் சொட்டு மருந்தை நாக்குக்கு அடியில் விடச் சொல்வதுண்டு. கேட்காமல் நீங்களாக விட வேண்டாம்.

பதில் (நெல்லிக்குப்பம்):
மலச்சிக்கல் இருக்கிறதா என்று தினமும் கேளுங்கள். குளோசபினே குடலை மந்தமாக்கும். எச்சிலைக் குறைக்கும் மருந்து அதை இன்னும் கூட்டும். இருமலோடு காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், எச்சில் நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.