ஸ்கேனருக்குள் 40 நிமிடம்: என்னதான் தெரிந்திருக்கும்?

கேள்வி:
மொழி ஆய்வு ஒன்றுக்காக மூளை வேலை செய்வதைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் 40 நிமிடம் படுத்திருந்தேன். காதை அடைத்தும் டக் டக் சத்தம் விடவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் வாக்கியங்கள் சொல் சொல்லாக வந்தன. நடுநடுவே அர்த்தமே இல்லாத சொற்கள். ஒரு சொல்லைப் படிக்க அரை நொடிகூட ஆகாதே, அதை எப்படிப் பிடிக்கிறார்கள்?

பதில்:
பிடிப்பதில்லை! அந்தக் கருவி அளப்பது மூளை ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை. நரம்பணுக்கள் வேலை செய்து 5, 6 நொடி கழித்துத்தான் சமிக்ஞை உச்சம் தொடும். எந்த இடம் என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். எப்போது என்பது மங்கல்தான். அர்த்தமற்ற சொற்கள் ஒப்பிட்டுக் கழிப்பதற்காக: எழுத்தைப் பார்க்கும் வேலையைக் கழித்தால் மிஞ்சுவது மொழி.

இன்னொருவர்:
நேரம் துல்லியமாக வேண்டுமென்றால் இஇஜி: தலையில் ஜெல் தடவி மின்முனைகளைப் பொருத்தி, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்வது. "கடிதத்தை மடித்து யானைக்குள் வைத்தான்" என்று படித்ததும், பொருந்தாத அந்தச் சொல்லுக்குச் சுமார் 400 மில்லிநொடியில் ஓர் எதிர்மின் அலை எழும். 1980இல் ஆய்வாளர்கள் குட்டாஸும் ஹில்யார்டும் காட்டிய, என்400 எனப்படும் அலை அதுதான். (தலைமுடியிலிருந்து ஜெல்லைக் கழுவுவது தனிக் கதை.)

கேட்டவர்:
நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். அதுவும் தெரிந்திருக்குமோ?

பதில்:
பட்டன் அழுத்தச் சொல்லியிருந்தால், அழுத்தாமல் விட்டதிலேயே கண்டிப்பாக.