உசிக்கை ஹெவிவெயிட் வரிசையில் எங்கே வைப்பீங்க?

இடதுகைக்காரன்:
டீக்கடையில நண்பனோட தகராறு. உக்ரைன்காரர் உசிக் நல்ல பாக்ஸர்தானாம், ஆனா அலி, ஜோ லூயிஸ் மாதிரி பழைய ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன்கள் நிக்கிற வரிசையில கடைசியில நிக்கக்கூட அருகதை கிடையாதாம். எனக்கு இன்னும் ஆறல.

காலேஜ்ல ரெண்டு வருஷம் கிளவுஸ் மாட்டினவன் நான். பீச்சாங்கை. கோச் என்னை வலதுகையாக்கப் பார்த்துத் தோத்துட்டார். அதனால என்னை மாதிரியே இடதுகைக்காரரான உசிக் ஆடும்போது கையை விட்டுட்டு அவரோட வலது காலைத்தான் பார்ப்பேன். எதிராளியோட இடது காலுக்கு வெளியில போய் அது ஊணிச்சுன்னா, அடுத்த நொடி இடது கை நேரா மூஞ்சிக்கு வரும். எதிராளி திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள ஆள் பக்கவாட்டுல இருப்பார்.

2024 டிசம்பர்ல ரியாத்ல சண்டைக்கு முன்னாடி எடை பார்த்தப்போ எதிராளி ஃப்யூரி 281 பவுண்ட், இவர் 226. கிட்டத்தட்ட ஒரு 25 கிலோ அரிசி மூட்டை வித்தியாசம். மூணு நடுவரும் 116-112ன்னு உசிக்குக்கே போட்டாங்க. என் கணக்குல ஏழாவது இடம். சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
ஏழா? கொஞ்சம் மெதுவா சார். ஜோ லூயிஸ் 1937ல பட்டம் வாங்கி 25 தடவை காப்பாத்தினார். உசிக் ஹெவிவெயிட்ல 2025 ஜூலை வரைக்கும் ஆடினதே எட்டு சண்டை. அதுல ஆறு, ஜோஷுவா, ஃப்யூரி, டுபுவான்னு மூணே பேரோட. ஆளுக்கு ரெண்டு.

இடதுகைக்காரன்:
அந்த மூணு பேருக்கு மேல அப்போ யார் இருந்தா? மார்சியானோ 49-0, அதாவது 49 சண்டையில தோல்வியே இல்லன்னு எல்லாரும் கும்பிடுறாங்க. 1951ல அவர் அடிச்ச ஜோ லூயிஸுக்கு வயசு 37. அதை யாரும் எண்ண மாட்டேங்கிறீங்க!

மெட்ராஸ்காரர்:
தம்பி, 1980ல அலி நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிச் சண்டை போட்டப்போ அப்பா தோள்ல உக்காந்து பார்த்தவன் நான். என் ஓட்டு செல்லாது. அதை எண்ணாதீங்க.

மூலை நாற்காலி:
ஹோலிஃபீல்டை மறந்துட்டீங்களே. அவரும் உசிக் மாதிரியே, ஹெவிவெயிட்டுக்குக் கீழ இருக்கிற க்ரூஸர்வெயிட் எடைப் பிரிவுல எல்லா பட்டத்தையும் வாங்கிட்டு மேல வந்தவர்தான். 1990ல டக்ளஸை சாய்ச்சார். அப்புறம் ஃபோர்மன், ஹோம்ஸ், டைசன், போவோட மூணு சண்டை, லெனாக்ஸ் லூயிஸோட ரெண்டு. தோத்திருக்கார், சரி. ஆனா யாரைப் பார்த்தும் ஒதுங்கல. உசிக் அவருக்கு மேலன்னா எப்படி?

அப்புறம் 2023ல போலந்துல டுபுவா விட்ட அந்த அடி. பெல்ட்டுக்குக் கீழயா, மேலயா? கீழ விழுந்த அடி, செல்லாதுன்னு நடுவர் சொன்னதால உசிக்குக்கு எழுந்து நிக்க அவ்வளவு நேரம் கிடைச்சுதே.

இடதுகைக்காரன்:
அந்த அடியை இருபது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டேன். சத்தியமா எனக்கே குழப்பம். அதனாலதான் 2025 வெம்ப்லி எனக்கு முக்கியம். அதே டுபுவா, அஞ்சாவது ரவுண்ட், இடது கை. நடுவருக்கு யோசிக்க வேலையே இல்ல.

ஹோலிஃபீல்ட் விஷயத்துல என்கிட்ட பதில் இல்ல. அவரை மேல ஏத்தி உசிக்கை எட்டுக்கு இறக்கிட்டேன். டீக்கடை நண்பன்கிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, அங்க இன்னும் ஏழுதான்.