பேய்ப்பட வில்லன் மனசுல நிக்கிறது உருவத்தாலயா, கதையாலயா?

கல்லடிக் களரி:
மட்டக்களப்பில குறும்படம் எடுக்கிற பொடியன்மார் முதல்ல எழுதுறது பேய்ட முன்கதை. யார் கொன்னது, எந்தக் கிணத்துல தள்ளினது எண்டு படத்தில பாதி அதுக்கே போயிருது. அது பிழை. ஜேசனைப் பாருங்க. 1981ல வந்த 'ஃபிரைடே தி தேர்ட்டீன்த்' இரண்டாம் பாகத்தில தலையில சாக்குத்துணி. 1982ல மூண்டாம் பாகத்திலதான் ஹொக்கி முகமூடி. ஆளும் முன்கதையும் அதேதான், மாறினது உருவம். இண்டைக்கு அந்தச் சாக்கு யாருக்கு ஞாபகம்?

'ஹலோவீன்' (1978) கொலைகாரன் மைக்கேல்ட முகமூடி இரண்டு டொலருக்கும் குறைவான, 'ஸ்டார் ட்ரெக்' நாயகன் கப்டன் கேர்க்ட முகமூடி. கண் ஓட்டையைப் பெரிசாக்கி, வெள்ளை அடிச்சு, முடியைக் கலைச்சு விட்டாங்க, அவ்வளவுதான். முகத்தில உணர்ச்சி ஒண்டும் இல்லாததால பாக்கிறவன் தன்ட பயத்த அதில ஏத்திப் பாக்கிறான்.

அக்கரைப்பற்று றீல்:
அண்ணன், மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) நாகவல்லிக்கு எந்த முகமூடி? தஞ்சாவூர்ல இருந்து கொண்டுவந்த நடனக்காரி, எதிர் வீட்டில காதலன், அவளைக் கொன்ன காரணவர், அதாவது குடும்பத் தலைவர். இந்த மூண்டையும் எடுத்துட்டா கடைசி ஆட்டம் வெறும் ஆட்டம். அவள் பழி தீர்க்க வாறது துர்காஷ்டமி அண்டு எண்டு தெரிஞ்ச பிறகுதான் நாங்க நாள் எண்ணத் தொடங்குறம். 'எ நைட்மேர் ஒன் எல்ம் ஸ்ட்ரீட்' பட ஃபிரெடியும் அப்படித்தான். பெற்றார் சேந்து எரிச்சதாலதான் பிள்ளைகள்ட கனவுக்குள்ள வாறான். காரணம் இல்லாத கொலைகாரனைப் பாத்து ரசிகன் திடுக்கிடுவான், அவனுக்காக இரங்க மாட்டான்.

கல்லடிக் களரி:
நாகவல்லிக்கு முதல்ல வாறது கதையா, சலங்கைச் சத்தமா? கூத்திலயும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வரவுத் தாளம். மத்தளம் மாறினாலே களரியைச் சுத்தி இருக்கிற சனத்துக்கு வாறது அரசனா அரக்கனா எண்டு விளங்கும். கரப்புடுப்பு, அதாவது கரப்பு மாதிரி விரிஞ்ச உடுப்புப் போட்டவரைத் தூரத்தில நிழலாப் பாத்தாலும் வடமோடி வகைக் கூத்து எண்டு சொல்லலாம். வில்லனையும் இப்படிச் சோதிக்கலாம்: பின்னால ஒரே ஒரு லைட், முன்னால இருட்டு. நிழலைப் பாத்து ஆளைச் சொல்ல ஏலாட்டி உடுப்பை மாத்துங்க.

காரணம் கூடினா என்ன நடக்கும் எண்டதுக்கும் ஹலோவீன்தான் உதாரணம். 1981ல இரண்டாம் பாகத்தில மைக்கேல் துரத்துற லோறியை அவன்ட தங்கச்சி எண்டாங்க. யாரையும் கொல்லக்கூடியவன் குடும்பச் சண்டைக்காரன் ஆகிட்டான். 2018 படம் அந்த உறவைத் தூக்கிப் போட்டுது.

மருதமுனை எடிட்டர்:
சத்தத்தைப் பத்தி ஒண்டு. 'ஜோஸ்' (1975) படத்தில பொடியனுகள் அட்டைச் செட்டையை வச்சு ஏமாத்துற இடத்தில சுறாட இசை வராது. உண்மையான சுறாவுக்கு மட்டும்தான் அது. இங்க எடுக்கிற படங்களில பூனை பாஞ்சாலும் பேய்ட இசை. மூண்டு தரம் ஏமாந்தவன் நாலாம் தரம் பேயே வந்தாலும் அசைய மாட்டான். பூனைக்கு வேற சத்தம் போடுங்க, இல்லாட்டி ஒண்டும் போடாதீங்க.

அக்கரைப்பற்று றீல்:
மருதமுனை நானா சொல்றது சரி, அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா அண்ணன், தங்கச்சி விசயம் என்ட பேச்சை உடைக்காது. அது ஆரை எண்டு மட்டும்தான் சொல்லிச்சு, என்னத்துக்கு எண்டு சொல்லவே இல்ல. நாகவல்லிட கதை ரெண்டையும் சொல்லுது. பயம் வேற, ஞாபகம் வேற. ஃபிரெடி பிந்தின பாகங்களில பகிடி விட விடப் பயம் குறைஞ்சு போச்சு, ஆனா அவன்ட கையுறையும் சிவப்பு பச்சை ஸ்வெட்டரும் இன்னும் நிக்குது.

கல்லடிக் களரி:
நிக்கிறது எண்டு நீங்க சொன்ன ரெண்டுமே உருவம்தான், தம்பி.

அக்கரைப்பற்று றீல்:
அந்தக் கையுறையால அவன் உயிரோட இருக்கக்குள்ள பிள்ளைகளைக் கொன்னான் எண்டது கதை. 10 நிமிசப் படமெண்டா முன்கதைக்கு 40 செக்கன் போதும், அதுவும் பேயை ஒருக்காப் பாத்த பிறகு. முழுக்க வெட்டச் சொல்றதுக்கு நான் உடன்பட மாட்டன்.

மருதமுனை எடிட்டர்:
முகமூடி வச்சு எடுக்கிறவங்க லைட்டையும் கவனிங்க. எல்ஈடி நேர முன்னால இருந்தா கண் ஓட்டைக்குள்ள நடிகர்ட இமை வெளிச்சமாத் தெரிஞ்சிரும், உள்ளுக்கு மனிசன் நிக்கிறது காட்டிக் குடுத்திரும். லைட்டைத் தலைக்கு மேல உயர்த்துங்க. கண்ணைச் சுத்தி கறுப்பு மை பூசினா மிச்சமும் மறையும்.