1934 கொள்ளைக் கும்பல் குறும்படத்துக்கு டம்மி துப்பாக்கி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

சாலிகிராமம்_செல்வா:
வணக்கம். ஒரு குறும்படத்துக்கு ப்ராப்பர்டி செய்து கொடுக்கும் வேலை வந்திருக்கிறது. கதை 1934-ல் அமெரிக்காவில் நடக்கிறது, ஷூட்டிங் என்னவோ ஈசிஆர் பக்கம் ஒரு பழைய பங்களாவில்தான். வங்கிக் கொள்ளைக் கும்பல், நான்கு பேர். டைரக்டர் தம்பி, நாலு பேருக்கும் வட்ட டிரம் வைத்த தாம்சன் இயந்திரத் துப்பாக்கி கொடுத்துவிடுங்கள் அண்ணா போதும் என்கிறார். எனக்கு அது சலிப்பாக இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் துப்பாக்கியைத் தங்கள் வசதிக்கு வெட்டி மாற்றி வைத்திருந்ததாகக் கேள்வி. கைத்துப்பாக்கிக்கு முன்னால் இன்னொரு மரப்பிடி வைத்த மாதிரி ஒரு படம்கூட பார்த்தேன், அது நிஜமா, இல்லை யாராவது கம்ப்யூட்டரில் செய்ததா? மரத்திலும் ஃபைபரிலும்தான் செய்யப்போகிறேன், வெளித்தோற்றம் தெரிந்தால் போதும்.

பழவந்தாங்கல்_பாபு:
நிஜம்தான் செல்வா. டெக்சாஸில் சான் அன்டோனியோ ஊரில் ஹைமன் லெப்மன் என்று ஒருவர் சேணமும் தோல் சாமானும் துப்பாக்கியும் விற்கிற கடை வைத்திருந்தார். கோல்ட் 1911 கைத்துப்பாக்கியை வாங்கி, விசையை ஒருமுறை அழுத்தினால் சரமாரியாகச் சுடுகிற மாதிரி மாற்றிக் கொடுப்பார். வங்கிக் கொள்ளைக்காரன் பேபி ஃபேஸ் நெல்சன் (நிஜப் பெயர் லெஸ்டர் கில்லிஸ்) வேறு பெயரில் வந்து வாங்கிப்போன ஆள். உள்ளே என்ன மாற்றினார் என்பதை இங்கே எழுதமாட்டேன், உங்களுக்கு அது தேவையும் இல்லை.

வெளியே பார்த்தால் மூன்று விஷயம் உடனே கண்ணில் படும். முன்னால் தாம்சனில் இருப்பது போலவே விரல் பதிய வரிவரியாக வெட்டிய மரப்பிடி, குழல் முனையில் மேல்பக்கம் பிளவுகள் விட்ட ஒரு இரும்புக் குழாய், கைப்பிடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிற மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி. முனையில் இருக்கிற குழாய்க்குக் கட்ஸ் காம்பன்சேட்டர் என்று பெயர், புகையை மேல்நோக்கித் தள்ளி முனை எகிறாமல் அழுத்தும். இதெல்லாம் அழகுக்காக வைத்தது இல்லை. அந்தத் துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 1000 தோட்டா வேகத்தில் ஓடும், 20 தோட்டா மேகசின் ஒன்றேகால் விநாடிக்குள் காலி. ஒரு கையில் பிடித்தால் மூன்றாவது தோட்டா கூரைக்குத்தான் போகும்.

டம்மி செய்யும்போது ஒன்று கவனியுங்கள், முன்பிடியை மேலே இருக்கிற ஸ்லைடில் ஒட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னால் போய் வர வேண்டும், பிடி கீழ்ச்சட்டத்தில்தான் இருக்கும். ஒட்டிவிட்டால் விஷயம் தெரிந்தவன் முதல் ஷாட்டிலேயே சிரிப்பான்.

1934 ஏப்ரல் 22-ம் தேதி விஸ்கான்சினில் லிட்டில் பொஹீமியா விடுதியில் நெல்சன் சேர்ந்திருந்த, ஜான் டில்லிஞ்சர் என்ற கொள்ளைக்காரனின் கும்பலைப் பிடிக்கப் போனபோது, கார்ட்டர் பாம் என்ற மத்தியப் புலனாய்வு அதிகாரியை நெல்சன் இந்த மாதிரித் துப்பாக்கியால்தான் கொன்றான்.

மயிலை_மாலினி:
பாபு சார் சொன்னது சரி, ஆனால் நான்கு பேரும் அதை வைத்திருந்தால் அதுவும் தாம்சன் மாதிரியே ஆகிவிடும். ஒருவருக்காவது கொள்ளைக்காரன் கிளைட் பாரோவின் துப்பாக்கியைக் கொடுங்கள். காதலி போனியோடு சேர்ந்து கொள்ளையடித்தவன் அவன். போனி-கிளைட் ஜோடி என்றாலே பலருக்கும் தாம்சன்தான் ஞாபகத்துக்கு வருகிறது, கிளைடுக்குப் பிடித்தது பிஏஆர் எனப்படும் பிரவுனிங் ஆட்டோமேடிக் ரைஃபிள். ராணுவத்துக்குச் செய்தது, கிட்டத்தட்ட 7 கிலோ, நீளம் 119 சென்டிமீட்டர். நேஷனல் கார்டு என்ற துணை ராணுவப் படையின் ஆயுதக் கிடங்குகளை உடைத்து எடுத்து வந்து, குழலையும் பின்கட்டையையும் அறுத்துக் குட்டையாக்கிக்கொண்டான். ஏன் என்றால் அவன் குடித்தனம் நடத்தியதே காருக்குள்தான். ஃபோர்டு வி8-ன் முன்சீட்டில் ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவே நாலடி துப்பாக்கியைத் திருப்ப முடியுமா, நீங்களே யோசியுங்கள்.

அதோடு அப்போதைய போலீஸ்காரர்கள் பலரிடம் வெறும் ரிவால்வர். பிஏஆர் தோட்டா ஒரு காரின் இந்தப் பக்கத்தில் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரும். 1934 மே 23-ம் தேதி லூசியானாவில் கிப்ஸ்லாண்ட் அருகே இருவரையும் சுட்டுக் கொன்ற பிறகு காரைச் சோதித்தபோது உள்ளே மூன்று பிஏஆர் இருந்தன. கூட்டாளி டபிள்யூ. டி. ஜோன்ஸ் பின்னாளில் இன்னொன்றும் சொன்னான், கிளைட் ஒரு குட்டை ஷாட்கன்னை வலது காலோடு ஒட்டி, பேண்ட் பாக்கெட் ஓரம் ஜிப் வைத்து மறைத்துக்கொள்வானாம். காஸ்ட்யூமருக்குச் சொல்லுங்கள், காட்சிக்கு அருமையாக இருக்கும்.

சாலிகிராமம்_செல்வா:
ஜிப் விஷயம் சூப்பர் மேடம், டைரக்டருக்கு அனுப்பிவிட்டேன், உடனே துள்ளிக் குதிக்கிறார். கார்தான் பிரச்சினை, கிடைத்திருப்பது ஒரு பழைய மோரிஸ். மூன்றாவது ஆளுக்கு ரைஃபிள் மாதிரி எதாவது இருக்கிறதா? ஒருத்தர் டில்லிஞ்சரே மரத்துப்பாக்கி வைத்துத்தான் தப்பித்தார் என்கிறார், விளையாட்டாகச் சொல்கிறாரா?

பழவந்தாங்கல்_பாபு:
ரைஃபிள் இருக்கிறது. வின்செஸ்டர் 1907, .351 தோட்டா. லெப்மன் அதற்கும் அதே மரப்பிடியும் அதே காம்பன்சேட்டரும் வைத்துக் கொடுத்தார். நெல்சன் கைத்துப்பாக்கிக்கும் இதற்கும் ஒரே அச்சில் வார்த்த பாகங்கள் போதும், உங்களுக்குச் செலவு மிச்சம்.

டில்லிஞ்சர் கதையும் விளையாட்டு இல்லை. 1934 மார்ச் 3, இண்டியானாவில் கிரவுன் பாயிண்ட் சிறை. ஷூ பாலிஷ் பூசிக் கறுப்பாக்கிய மரத்துப்பாக்கியைக் காட்டிக் காவலர்களை மிரட்டினான், பெண் ஷெரிஃப் லில்லியன் ஹாலியின் காரையே எடுத்துக்கொண்டு போனான். திருட்டு வண்டியில் மாநில எல்லை தாண்டியதால் மத்திய அரசின் வழக்கு அவன்மேல் விழுந்தது. நிஜத் துப்பாக்கி உள்ளே கடத்தப்பட்டது என்று வாதிடுகிறவர்கள் உண்டு, ஆனால் பிறகு அப்பா வீட்டில் அந்த மரத்துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டு நிற்கிற புகைப்படம் இருக்கிறது. என் ஓட்டு மரத்துக்குத்தான்.

கோட்டை_வாசி:
இவ்வளவும் எப்படிச் சாத்தியம் என்று யாரும் கேட்கவில்லையே. 1934-க்கு முன் அமெரிக்காவில் மத்தியச் சட்டம் எதுவும் இயந்திரத் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. அந்த வருடம் ஜூன் 26-ல்தான் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. இயந்திரத் துப்பாக்கி, குழல் அறுத்த ஷாட்கன், குட்டை ரைஃபிள் ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வரி, ஒரு தாம்சனின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவு. சட்டம் வந்த நான்காம் நாள் டில்லிஞ்சர் கும்பல் இண்டியானாவின் சவுத் பெண்ட் ஊரில் வங்கியைக் கொள்ளையடித்தது, கும்பலில் ஒருவனான ஹோமர் வான் மீட்டர் .351 ரைஃபிளால் ஒரு போலீஸ்காரரைக் கொன்றான். ஒரு நகைக்கடைக்காரர் நெல்சனைச் சுட, குண்டு துளைக்காத உடுப்பு அவனைக் காப்பாற்றியது. கடைக்காரர் லெப்மன்மீது டெக்சாஸ் சட்டப்படி வழக்கு நடந்தது, தண்டனை நிலைக்கவில்லை.

செல்வா, உங்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஆயுதச் சட்டம் 1959-ன் 6-வது பிரிவு, உரிமம் இல்லாமல் குழலைக் குட்டையாக்கக் கூடாது, போலித் துப்பாக்கியை நிஜமாக்கக் கூடாது என்கிறது. மரமும் ஃபைபரும் வைத்துச் செய்கிற உங்களுக்கு இதில் சிக்கல் இல்லை, ஆனால் டம்மியைத் திறந்த நிலையில் பைக்கில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பெட்டியில் போட்டு, ஷூட்டிங் அனுமதிக் கடிதத்தையும் கூடவே எடுத்துப் போங்கள், முந்தின நாளே லோக்கல் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சாலிகிராமம்_செல்வா:
நன்றி சார், கடிதம் கைவசம் இருக்கிறது. ஒருவருக்கு நெல்சன் கைத்துப்பாக்கி, ஒருவருக்குக் குட்டை பிஏஆர், ஒருவருக்கு .351, தலைவனுக்கு மட்டும் தாம்சன் என்று டைரக்டரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். பாபு அண்ணா, அந்த முன்பிடி தேக்கு நிறமா, இன்னும் கறுப்பா?

பழவந்தாங்கல்_பாபு:
வால்நட் மரம், அடர்ந்த பழுப்பு. தேக்கில் செய்து ஒரு கோட் டார்க் வார்னிஷ் அடியுங்கள், பளபளப்பு மட்டும் வேண்டாம்.