ஃபார் லூப்ல 55 வரணும், எனக்கு 9 தான் வருது. எங்க தப்பு?

வியாசை_பையன்:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் வியாசர்பாடி, பன்னெண்டாவது, தமிழ் மீடியம், கம்ப்யூட்டர் சயின்ஸ். போன வருஷம் சி பிளஸ் பிளஸ்ல மடக்கு (லூப், அதாவது அதே வரிகள திரும்ப திரும்ப ஓட்டுறது) ஓரளவு புரிஞ்சுது, இந்த வருஷம் பைத்தான்ல அதே கணக்க போட்டா வேற என்னென்னமோ வருது. வீட்ல லேப்டாப் இல்ல, போன்ல ஒரு ஆப் வெச்சு தான் ஓட்டி பாக்குறேன். 1ல இருந்து 10 வரைக்கும் கூட்டணும், எனக்கு 9னு காட்டுது. எரர் எதுவும் வரல, அதான் எங்க போய் தேடுறதுன்னே தெரியல. கீபோர்டு மாத்தி மாத்தி அடிக்க முடியல, அதனால இங்க கோட தமிழ்லயே போட்டிருக்கேன்:

ஃபார் எண் இன் ரேஞ்ச்(1, 10):
    மொத்தம் = 0
    மொத்தம் = மொத்தம் + எண்
பிரிண்ட்(மொத்தம்)

சரி வைல் லூப்ல போட்டு பாப்போம்னு பாத்தா 1 1 1னு நிக்காம ஓடிக்கினே இருக்கு, போனே சூடாயிடுச்சு.

எண் = 1
வைல் எண் <= 10:
    பிரிண்ட்(எண்)
எண் = எண் + 1

ராயபுரம்_டெவ்:
தம்பி இதுக்கு லூப்பே வேணாம்பா. பிரிண்ட்(சம்(ரேஞ்ச்(1, 11))) ஒரே வரி, 55 வந்துடும்.

பெரம்பூர்_அக்கா:
அந்த வரி சரிதான் ப்ரோ, ஆனா அவன் கேக்குறது 9 எப்படி வந்துச்சுன்னு. அது புரியாம ஒரு வரிய குடுத்தா நாளைக்கு வேற கணக்குல இதே எடத்துல தான் நிப்பான்.

தம்பி, ஒரு பேப்பர் எடுத்து ரெண்டு கட்டம் போடு, ஒன்னு எண், இன்னொன்னு மொத்தம். இப்ப நீயே கம்ப்யூட்டர் மாதிரி ஒவ்வொரு வரியா போ. மொதல் சுத்து, மொத்தம் 0, எண் 1, கூட்டினா 1. ரெண்டாவது சுத்து, உள்ள நுழைஞ்ச உடனே திரும்பவும் மொத்தம் = 0 இருக்கு பாரு, சேத்து வெச்ச 1 அங்கயே போச்சு, 0+2 = 2. இப்படியே ஒவ்வொரு சுத்துலயும் அழிச்சு அழிச்சு கடைசில 0+9, அதான் உன் 9. அந்த மொத்தம் = 0 வரிய ஃபாருக்கு மேல கொண்டு போய் வை, ஒரே ஒரு தடவ தான் அது நடக்கணும்.

மாத்திட்டு ஓட்டினா 45 வரும், பயந்துடாத, அது ரெண்டாவது தப்பு. சி பிளஸ் பிளஸ்ல <= 10 போட்டு பழகிட்ட, அதுல 10ம் சேரும். பைத்தான் ரேஞ்ச்ல ரெண்டாவதா குடுக்குற நம்பர் சேராது, 9ஓட நின்னுடும். அதனால ரேஞ்ச்(1, 11)னு போடு. இதுல ஒரு வசதியும் இருக்கு, 11ல 1 கழிச்சா 10, லூப் எத்தன தடவ சுத்தும்னு உடனே தெரிஞ்சிடும்.

எரர் வராத தப்பு தான் ரொம்ப படுத்தும், அதுக்கு இந்த கட்டம் போடுறத விட நல்ல வழி எனக்கு தெரிஞ்சு இல்ல. பரீட்சைல அவுட்புட் என்னன்னு கேட்டாலும் இது தான் கை குடுக்கும்.

டோல்கேட்_ட்யூஷன்:
வைல் விஷயத்த நான் சொல்றேன். உன் கடைசி வரி லூப்புக்கு வெளிய இருக்கு. சி பிளஸ் பிளஸ்ல அடைப்புக்குறி போட்டு உள்ள வெளியன்னு காட்டுவோம்ல, பைத்தான்ல அந்த வேலைய முன்னாடி விடுற இடைவெளி தான் பாக்குது. எண் 1லயே இருக்கு, 1 <= 10 எப்பவும் உண்மை, பின்ன எப்படி நிக்கும். பிரிண்ட்டுக்கு நேர் கீழ தள்ளி வை, நின்னுடும். கம்ப்யூட்டர்ல இந்த மாதிரி ஓடினா கன்ட்ரோல் சி அழுத்து, போன்ல ஆப்லயே ஸ்டாப் பட்டன் இருக்கும்.

எப்ப எதுன்னும் சொல்லிடுறேன். வண்ணாரப்பேட்டைல இருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஸ்டேஷன் பேரெல்லாம் ஒரு லிஸ்ட்ல இருக்கு, ஒன்னொன்னா பிரிண்ட் பண்ணணும்னா ஃபார், ஏன்னா எங்க முடியும்னு லிஸ்ட்டுக்கே தெரியும். கடைல வர்ற காச ஒன்னொன்னா அடிச்சுக்கினே இருக்க, 0 அடிச்சா நிறுத்தி மொத்தம் காட்டணும்னா வைல், எத்தன பேர் வருவாங்கன்னு யாருக்கு தெரியும். அந்த ரெண்டாவத எழுதி பாரு, இன்புட்ல வர்றது எழுத்தா தான் வரும், இன்ட் போட்டு நம்பரா மாத்த மறந்துடாத.

வியாசை_பையன்:
அக்கா கட்டம் போட்டு பாத்தேன், 9 ஏன்னு தெளிவா தெரிஞ்சுது, நீங்க சொன்ன மாதிரியே 45 வந்துட்டு அப்புறம் 55 வந்துச்சு. வைலும் நின்னுடுச்சு, ரொம்ப தேங்க்ஸ் அண்ணா. இன்னொன்னு, ஸ்டார் முக்கோணம் போட சொல்லிருக்காங்க, லூப்புக்குள்ள லூப். எல்லா ஸ்டாரும் ஒன்னுக்கு கீழ ஒன்னா வந்துடுது.

பெரம்பூர்_அக்கா:
பிரிண்ட் ஒவ்வொரு தடவையும் அடுத்த வரிக்கு போயிடும்பா. உள் லூப்ல பிரிண்ட்("*", எண்ட்="")னு போடு, அதே வரில நிக்கும். உள் லூப் முடிஞ்சதும் வெறும் பிரிண்ட்() ஒன்னு, அது வெளி லூப்புக்குள்ள, உள் ஃபாருக்கு நேரா இருக்கணும். அஞ்சு வரி வேணும்னா வெளிய ரேஞ்ச்(1, 6), உள்ள ரேஞ்ச்(வரிசை), வரிசைங்கிறது வெளி லூப்போட எண். இதுக்கும் மொதல் மூணு சுத்துக்கு கட்டம் போட்டு பாத்துட்டு அப்புறம் ஓட்டு.